கணக்கு சாருக்கு வாய் தவறிய நாள்

கதவை யாரோ தட்டினார்கள். தட்டிய விதத்திலேயே கோபம் தெரிந்தது.

பதினோராம் வகுப்பில் அப்போது ஒரே ரகளை. மனசு மிஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். உளவியல் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பலகையில் ‘நனவிலி மனம்’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘வாய் தவறி வரும் சொல்’ என்று எழுதியிருந்தாள்.

“சொல்ல நினைச்சது ஒண்ணு, வாயில வர்றது இன்னொண்ணு. மனசுக்கு அடியில அமுங்கிக் கிடக்கிற ஆசையோ பயமோ, சமயம் பாத்து இப்படித் தலை நீட்டும். மனப்பகுப்பாய்வுல இது ஒரு முக்கியமான விஷயம். உங்களுக்கு இப்படி நடந்திருந்தா சொல்லுங்க.”

சொல்லுங்கள் என்றதுதான் தப்பு. ஒருத்தி பஸ் கண்டக்டரை அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள். ஒருவன் பல் டாக்டரிடம் ‘பயமில்லை’ என்று சொல்லப்போய் ‘பல்லில்லை’ என்றிருக்கிறான். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அப்போதுதான் அந்தத் தட்டல்.

திறந்தாள். வெளியே நல்ல மழை. சாரலில் நனைந்த சட்டையோடு பக்கத்து வகுப்புக் கணக்கு சார். புதிதாக வந்தவர். ஆசிரியர் அறையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. மூக்குக் கண்ணாடியில் மழைத்துளிகள்... அதற்குப் பின்னால் அந்தக் கண்கள்... சண்டைக்கு வந்த கண்கள் அவளைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்து ஒரு கணம் நின்றன.

“மிஸ், பக்கத்துல டெஸ்ட் நடக்குது. உங்க கல்யாணத்தைக் கொஞ்சம் மெதுவா நடத்தக் கூடாதா?”

‘கலாட்டாவை’ என்று சொல்ல வந்தவர்.

முன் பெஞ்சில் இருந்த, ‘மைக்’ என்று பெயரெடுத்த பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். “மிஸ், இது நனவிலியா மிஸ்?”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மனசு மிஸ்ஸுக்குத்தான் குறும்பு விடவில்லை. “சந்தேகமென்ன? உதாரணம் கேட்டோம், கதவைத் தட்டிட்டு வந்திருக்கு” என்றாள்.

சிரிப்பில் கூரை பறந்தது. கணக்கு சார் காதெல்லாம் சிவக்கத் திரும்பி நடந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயால் கெட்டது அவர் ஒருவர் மட்டுமல்ல.

சாயங்காலத்துக்குள் கணக்கு சார் ‘கல்யாண சார்’ ஆகிவிட்டார். அவர் பலகைப் பக்கம் திரும்பினால் போதும்... “சார், பத்திரிகை எப்போ?” என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும். யார் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு வாரம் பொறுத்தவர், ஆசிரியர் அறையில் அவள் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

“ஒரு உதவி மிஸ். அது சும்மா வாய் தவறினதுதான்னு உங்க வகுப்புல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பாடம் நடத்தவே முடியல.”

“சும்மா எதுவும் தவறாது சார். நான் சொல்லிக்கொடுத்ததை நானே பொய்னு சொல்லவா?”

“அப்போ என் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“பாடம் அப்படித்தான் சொல்லுது.”

“மனசு என்னோடது, பாடம் உங்களோடது. நல்லா இருக்கு.” அவர் போய்விட்டார்.

டீ ஆறிப்போயிருந்தது. ஏன் இப்படி விறைத்துக்கொண்டு பேசினோம்? ‘சும்மா’ என்று சொல்லிவிட்டால் அது சும்மாவே ஆகிவிடுமே... அதற்குத்தான் அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் அதை அவள் தனக்குள்கூட ஒப்புக்கொள்ளவில்லை. பாடத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனாள்.

மறுநாள் பிரின்சிபால் பேச்சுவாக்கில் சொன்னார். கணக்கு சார் மாறுதல் கேட்டிருக்கிறாராம். ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கிளைப் பள்ளிக்கு. உத்தரவு வந்துவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து அங்கேதானாம்.

அன்று வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“தட்டுல என்ன பாடம் ஓடுது?” என்றாள் அண்ணி.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி கேட்டுவிட்டு நிதானமாகத் தண்ணீர் குடித்தாள்.

“ஊரார் மனசையெல்லாம் குடையிற. உன் மனசுல என்னன்னு எனக்கே தெரியுது, உனக்குத் தெரியல. சரி, அதை விடு. வந்த ஆளை வாயைத் திறக்கவே விடாம, உனக்கு இன்ன வியாதின்னு சொல்றது எந்த ஊர் வைத்தியம்?”

சுருக்கென்றது. பாடத்தின் முதல் விதியே அதுதானே... மனசில் தோன்றுவதையெல்லாம் பேசுகிறவர் சொல்ல வேண்டும். கேட்கிறவர் பொறுமையாகக் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தை அவள் பிள்ளைகளுக்கு நடத்தவே இல்லை.

வெள்ளிக்கிழமை நடத்தினாள்.

“ஒண்ணை நான் சொல்லாம விட்டுட்டேன். களைப்புல வாய் தவறும், அவசரத்துலயும் தவறும். அதுல அர்த்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தா, அது என்னன்னு பேசினவங்கதான் சொல்லணும், கேக்கறவங்க பொறுமையா கேக்கணும். அன்னைக்கு சார் தலையில அர்த்தத்தைக் கட்டினது நான். அது பாடம் இல்ல, குறும்பு. இனிமே அந்தப் பேரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிடக் கூடாது.”

‘மைக்’ மெதுவாகத்தான் கேட்டாள். “அப்போ நீங்க ஏன் மிஸ் அப்படிச் சொன்னீங்க?”

“அதைச் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிக்கிறேன்.”

மணி அடித்ததும் பக்கத்து வகுப்புக்குப் போனாள். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். அவர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சுவர் மெலிசு மிஸ். எல்லாம் கேட்டுச்சு. ரொம்ப நன்றி.”

“இன்னும் இருக்கு சார்.” கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “சும்மாதான்னு நான் அன்னைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரல. அது சும்மா இல்லாம இருக்கணும்னு எனக்கு... ஆசை. இது வாய் தவறி வரல. ராத்திரி பூரா யோசிச்சுட்டுத்தான் சொல்றேன்.”

சொல்லிவிட்டு அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

“மிஸ்... கேக்கறவங்க பாதியில போகலாமா?”

அவள் நின்றாள். பிறகு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். எந்தக் கணக்கையும் தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொடுக்கிற மனிதர், கையில் டஸ்டரோடு வார்த்தை வார்த்தையாகத் தேடினார்.

“அன்னைக்கு எனக்கு நிஜமாவே கோபம். நீங்க கதவைத் திறந்தீங்க... என்ன சொல்ல வந்தேன்னே மறந்துபோச்சு. வந்தது அந்த வார்த்தை. எல்லாரும் சிரிச்சீங்க. மாறுதல் கேட்டது பசங்க கேலிக்காக இல்ல. தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் உங்க குரல் கேக்கும். உங்களுக்கு அது ஒரு உதாரணம். எனக்கு மட்டும் அது நிஜம்... அதை வெச்சுக்கிட்டு இங்கயே எப்படி உக்காந்திருக்கறது?”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் டஸ்டரைக் கீழே வைத்தார்.

“அவ்வளவுதான். இனி நீங்க பேசலாம்.”

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. வந்தது ஒரே வார்த்தைதான்.

“போகாதீங்க.”

“போகல” என்றார் அவர்.