கொக்குக்கு வெள்ளை அடித்தவன்

மழைக்கு ஒதுங்க ஸ்கூட்டியை ஓரங்கட்டிய ஜெர்லின், சங்ககிரி டீக்கடை முன்னால் நின்ற புது லாரியைப் பார்த்து அசந்துபோனாள்.

பின்பலகை முழுக்க நீலம். நடுவில் ஒரு கொக்கு... அதற்குப் பெயின்ட்டே அடிக்கவில்லை! சுற்றிலும் நீலத்தைப் பூசி, கொக்கின் உருவத்துக்கு மட்டும் அடிப்பூச்சு வெள்ளையை அப்படியே விட்டிருந்தார்கள்.

இது அவன் கைதான். சந்தேகமே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஐப்பசியில், பக்கத்து ஏரிக்கரையில் கொக்கை வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருந்தாள். அஸ்தம்பட்டிப் பள்ளியில் டிராயிங் டீச்சர் அவள். பைக்கில் வந்த ஒருவன் ஹாரன் அடிக்க, கொக்கு பறந்தே போனது.

"பறந்துருச்சு... இப்ப திருப்தியா?"

"ஆடு குறுக்க வந்துச்சுங்க..." என்று திருதிருவென விழித்தான். பெயர் கலையரசன், லாரிப் பட்டறையில் பெயின்ட்டராம். அந்த வெகுளிக் கண்களைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது அவளுக்கு!

அவள் டீ வாங்கப் போய்த் திரும்புவதற்குள், பைக் பெட்டியிலிருந்த எனாமல் பெயின்ட்டை எடுத்து, அவள் படத்துக் கொக்குக்கு வெள்ளை அடித்து வைத்திருந்தான்.

"வெள்ளை அடிக்க மறந்துட்டீங்களாட்ட இருக்குதுன்னு..."

ஐயோ! வாட்டர்கலரில் வெள்ளை என்பது தொடாமல் விட்ட காகிதம்தான் என்று அவனிடம் கத்தினாள். எண்ணெய் வேறு ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

"லாரிக்கு அடிக்கற கைக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது!"

சொல்லிவிட்டாள். அவன் முகம் சுண்டிப்போனது. பைக்கைக் கிளப்பிப் போய்விட்டான்.

அதன்பிறகு எத்தனை ஞாயிறு! சூரமங்கலம் சர்ச்சில் பூசை முடிந்ததும் ஏரிக்கு ஓடி வருவாள். கொக்கு வரும், நாரை வரும்... அவன் வரவில்லை. எந்தப் பட்டறை என்று விசாரிக்க வீம்பு விடவில்லை.

லாரி கிளம்ப உறுமியது. போயிற்றென்றால் அவ்வளவுதான். ஜெர்லின் வீம்பை விட்டு ஓடினாள்.

"அண்ணே, இதுக்குப் பெயின்ட் அடிச்சது யாரு?"

"நாந்தானுங்க..." பின்னாலிருந்து குரல். டீ கிளாஸும் கையுமாகக் கலையரசன்! "ஏனுங்க, இந்தத் தடவையும் தப்பாங்க?"

இல்லையென்று தலையாட்டினாள் அவள். பையிலிருந்து பழைய நோட்டை எடுத்து விரித்தாள். எனாமல் கொக்கு... சுற்றிலும் மஞ்சளாய் எண்ணெய்க் கறை.

"கிழிச்சுப் போடலீங்களா?"

"மனசு வரல... அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

அவன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது.

"அப்பறம் நான் ஒரு கொக்குக்கும் வெள்ளை தொட்டதில்லீங்க. ஏன்டா உடறேன்னு பட்டறையில கேப்பாங்க. ஒரு டீச்சரு சொல்லிக்குடுத்தாங்கம்பேன்... அவங்களை மறக்க முடியலீன்னு மட்டும் சொல்றதில்லீங்க."

மழையா, கண்ணீரா... கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் ஜெர்லின்.

"ஞாயித்துக்கிழமை ஏரிக்கு வாங்க. எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு... ஆனா ஹாரன் மட்டும் அடிச்சீங்க, பாருங்க!"