இத்தா அறையில் ஒரு கூடு

வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து அறைக் கதவைத் திறந்தபோது சோற்றுக் கோப்பை காலியாக இருந்தது.

ஸைனுலாப்தீன் ஹாஜியார் உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த வளவிலிருந்து தங்கை சுபைறா அவர் மகளுக்கென்று அனுப்பும் சோறு அது. பகலில் எல்லாரும் பார்க்க அவரே அறைக்குள் கொண்டுபோய் வைப்பார். பொழுது சாய்ந்ததும் பையில் கட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோய் நாய்களுக்குக் கொட்டுவார். அறையில் சாப்பிட ஆள் இல்லை. மகள் நுஸ்ரத் அந்த வீட்டை விட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. சாய்ந்தமருதில் அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கோப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தார். சோறு இல்லை. கறி இல்லை. மீன் முள்ளும் இல்லை.

மருமகன் அஸீம் மௌத்தான பிறகு நுஸ்ரத் இத்தா இருந்தாள். வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், கைம்பெண் வீட்டோடு இருக்கும் நாலு மாதமும் பத்து நாளும். அது முடிந்த கையோடு அவளைச் சீனிமுகம்மது என்பவருக்குக் கலியாணம் முடித்துக் கொடுப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவளிடம் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. இத்தா பாதியில் இருக்க, ஒரு விடியற்காலை அவள் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டாள். ‘என்னைத் தேடாதீங்க வாப்பா’ என்று போனில் பேசி அனுப்பியிருந்தாள். அவர் அதை அழித்தார், அறையைப் பூட்டினார், பிள்ளை யார் முகத்தையும் பார்க்க விரும்பவில்லை என்று ஊருக்குச் சொன்னார். அவர் சொன்னதை ஊர் மறுத்துக் கேட்டதில்லை.

அவள் விட்டுப் போனது ஒரு சின்சில்லா. அஸீம் கொழும்பிலிருந்து அவளுக்கென்று வாங்கி வந்த பிராணி. முயல் காதும் அணில் வாலும் கொண்ட சாம்பல்நிற எலிச்சாதி. குளிர்மலையில் பிறந்த இனம், நம் கடற்கரை வெக்கையில் ஒரு பகலும் தாங்காது என்பதால் அந்த அறைக்கு ஏசி பூட்டியிருந்தார்கள். நுஸ்ரத் போன அன்று பொழுது பட்டு மஃரிப் நேரம் அது கூட்டிலிருந்து தப்பி அறைக்குள் தத்தித் திரிந்தது. விறாந்தையில் இருந்த பெண்கள் காது கொடுத்தார்கள்.

“புள்ள எழும்பி நடக்கா. அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள் சுபைறா.

அந்தப் பிராணி உயிரோடு இருக்கும்வரை மகளும் அறையில் இருப்பாள் என்று ஹாஜியாருக்கு விளங்கியது.

ஆனால் பழைய கூடு கிளிக்கு வாங்கியது. பிளாஸ்டிக் தட்டைக் கடித்துத் துளைத்திருந்தது. அடிவலையில் கால் மாட்டி நகம் பிய்ந்திருந்தது. அவர் போனில் தேடிப் பார்த்து, அளவெடுத்து, கல்முனையில் இரும்பு ஒட்டுவேலை செய்யும் நற்பிட்டிமுனைப் பிரசாந்திடம் போனார்.

“என்னத்துக்கு ஹாஜியார் இவ்வளவு உசரம்? ஆளையே வெச்சிப் பூட்டலாம் போல.”

“பாயுற சாதி அது. சொன்ன அளவுக்குச் செய் தம்பி. கம்பிக்கு இடையில சின்ன விரலும் போகப்படாது. அடிக்கு வலை வேணாம், கால் புண்ணாகும். தகடு போடு.”

“பெயின்ட்?”

“வேணாம். கடிச்சா வயித்துக்குள்ள போகும். கொண்டி வெளியால கொளுவுறதா இருக்கட்டும். மூக்கால தள்ளித் திறக்கிற சாமான் அது.”

“எங்கட வீட்டுல என்னையே இப்பிடிப் பார்க்கிறாங்க இல்ல,” என்று பிரசாந் சிரித்தான். ஹாஜியார் சிரிக்கவில்லை.

வெயில் படாத சுவரோரம், ஏசிக் காற்று நேரே விழாத இடம் பார்த்துக் கூட்டை வைத்தார். விழுந்தாலும் அடிபடாதபடி பைன் பலகைகளைப் படிபோல மாற்றி மாற்றிப் பொருத்தினார். படுத்துக் குளிர ஒரு மாபிள் கல் துண்டு. ஒளிய ஒரு மரப்பெட்டி. புரண்டு குளிக்க ஒரு தட்டில் மாவு போன்ற மண். பல்லையும் பார்த்துக்கொண்டார். செம்மஞ்சளாக இருந்தால்தான் சுகம், வெளுத்தால்தான் பயப்பட வேண்டும் என்று நுஸ்ரத் ஒருமுறை சொல்லியிருந்தாள். பல் நல்ல செம்மஞ்சளாக இருந்தது. மகளின் அறையில் அவர் தம் கையால் செய்த முதல் வேலை அது. முடித்தபோது அவருக்குப் பெருமையாகவும் இருந்தது.

இப்போது காலிக் கோப்பையோடு நின்று கொண்டியைப் பார்த்தார். கொளுவியபடியே இருந்தது. மேல்பலகையில் குந்தியிருந்த பிராணி, முன்கால் இரண்டையும் நெஞ்சில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் அவரைப் பார்த்தது.

அதன்பிறகு கோப்பை ஒவ்வொரு நாளும் காலியானது.

விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் இருந்து அவர் அந்த அறையைக் கேட்கத் தொடங்கினார். ஏசியின் இரைச்சலுக்கு அடியில், வைக்கோல் வாசமும் மண்தூள் வாசமும் கதவுக் கீழ்இடுக்கால் கசிந்து வர, முன்பு ஊசியால் சுரண்டுவதுபோல மெலிதாகக் கேட்ட கறுக்குச் சத்தம், நாளாக நாளாகத் தடித்து, ஆறி, பெரிய வாய் ஒன்று அவசரமில்லாமல் பலகையைத் தின்பதுபோல ஆகிக்கொண்டு வந்தது. பார்க்கப் போனால் கூட்டுப் பலகையில் புதிய காயம் இல்லை. காயம் கதவு நிலையில் இருந்தது. உட்பக்கத்தில். அவருடைய நெஞ்சு உயரத்தில்.

மண் தட்டில் ஒரு குதிகால் பதிந்திருந்தது.

அவர் அதைக் கையால் அழித்தார்.

ஒரு மஃரிப் நேரம் கரண்ட் போனது. ஏசி நின்ற அமைதியில் கடல் இரைச்சல் வீட்டுக்குள் வந்தது. அறை சூடேறினால் பிராணி செத்துவிடும். செத்தால் எல்லாம் முடிந்தது. உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார், வழக்கம்போலக் கதவைச் சாத்தினார். கும்மிருட்டு. கூட்டைக் கையால் தடவிப் பிடித்தார். கொண்டி கொளுவியிருந்தது. உள்ளே அசைவில்லை.

யன்னலுக்கு வெளியே செருப்புச் சத்தம். சுபைறா.

“நுஸ்ரத்து, வேர்க்குதா மகள்?”

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“ஓம் மாமி.”

அறைக்குள்ளிருந்து. அவர் தோளுக்குப் பக்கத்திலிருந்து. மகளின் குரல். சொல் முடிந்ததும் பல்லோடு பல் உரசியது.

“கொஞ்சம் பொறு புள்ள, இப்ப வந்திரும்,” என்று சுபைறா சொல்லிக்கொண்டு போனாள்.

போத்தல் கையிலிருந்து நழுவியது. தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. யாரோ அதை ஏந்திக்கொண்டார்கள்.

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. கரண்ட் வந்ததும் கதவிடுக்கால் பார்த்தார். கூடு. கொளுவிய கொண்டி. மாபிள் துண்டின்மேல் துணி சுற்றிய போத்தல். வேறொன்றும் இல்லை. பிராணி இல்லை.

பூட்டினார். ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்வதானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இத்தா முடிந்த காலை சுபைறா நாலைந்து பெண்களோடு வந்தாள், குளிக்க வார்த்து, வெள்ளை மாற்றி, வெளியே கூட்டி வர. பொழுது சாயச் சீனிமுகம்மது வீட்டார் வருவதாக இருந்தது. ஹாஜியார் கதவுக்கு முன்னால் நின்றார். கையில் அறைப்பூட்டின் திறப்பு.

“என்ன காக்கா, விடுங்களன். இன்னும் என்ன பூட்டு?” என்று சுபைறா அண்ணனைக் கேட்டாள்.

“சுபைறா...”

“சொல்லுங்க.”

பெண்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். உள்ளே மகள் இல்லை என்று ஒரு சொல். அவர் முதுகை நிமிர்த்தித் திறப்பை நீட்டினார்.

உள்ளே போன பெண்களின் அலறல் கேட்கும் என்று காத்திருந்தார். அலறலுக்காக உள்ளுக்குள் மன்றாடினார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சிரிப்புக் கேட்டது.

“பாருங்க காக்கா,” என்று சுபைறா உள்ளிருந்து ஒருத்தியைக் கைபிடித்து அழைத்து வந்தாள். “உடம்பெல்லாம் என்னா மெது! பட்டு மாதிரி.”

பச்சைச் சாரி. நுஸ்ரத்தின் நெற்றி. நுஸ்ரத்தின் கண்கள், ஆனால் இமைக்கவில்லை. கைகள் இரண்டையும் நெஞ்சில் சேர்த்துப் பிடித்திருந்தது. அவரைக் கண்டு சிரித்தது. பல் நல்ல செம்மஞ்சள்.

“அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா.”

முத்தமிட அவருடைய வலக்கையைத் தன் இரு கைகளாலும் எடுத்துக் குனிந்தது. உதடு படவில்லை. விரல் எலும்பின்மேல், இடம் பார்த்து, அவசரமில்லாமல் பல் பதிந்தது.

பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கையை இழுக்கவில்லை.