கையைப் பிடிக்காதவன்

நாற்பதாவது மாடி உயரத்தில் கிரேனுக்குள் தனியாக உட்கார்ந்து டன் டன்னாகக் கம்பி தூக்குகிறவள், இரண்டாவது மாடி பல் மருத்துவமனையிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் மாட்டிய நீலக் காகிதத் துண்டு அப்படியே தொங்கியது. வலது கன்னம் வீங்கியிருந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது ஓட்டம்.

படித் திருப்பத்தில் ஒருவன் பெட்டியோடு ஏறி வந்தான். மோதல் என்றால் லேசுப்பட்ட மோதல் இல்லை... பெட்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், பெட்டிக்குள் இருந்த ரப்பர் குழாய்களும் மூக்கு மூடிகளும் படியெல்லாம்.

"கண்ணு எங்கங்க இருக்கு?" என்றாள். இடித்தது அவள், கேட்டதும் அவளே.

"மூஞ்சியிலதான் இருக்கு. உங்க கழுத்துல தொங்கறதையும் பாத்துடுச்சு," என்றான் அவன். "பாதி வேலையில எழுந்து வந்துட்டீங்களா?"

"பாதியா... நான் இன்னும் வாயே தொறக்கல."

"இப்ப நல்லாதானே தொறக்கறீங்க?"

முறைத்தாள். அவன் கண்ணில் கேலி இல்லை. அமைதியான, கொஞ்சம் தூக்கம் கெட்ட கண்கள்... கேலி செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் வாசலில் மழை பிடித்துக்கொண்டது. தெருவே தெரியாத மழை.

"பயப்படறவங்களுக்காக டாக்டர் புதுசா கேஸ் மெஷின் வாங்கியிருக்காங்க. நான் அதைப் பொருத்த வந்த ஆளு," என்றான், மூடிகளைப் பொறுக்கியபடி.

"எனக்கொண்ணும் பயமில்ல."

"சரிங்க. மழைக்குப் பயந்தாவது மேல வாங்களேன்."

போயிருக்கவே மாட்டாள். ஆனால் அடுத்த திங்கட்கிழமை அவள் கண் முன்னே நின்றது. அன்றைக்குக் கட்டடத்தின் கடைசி உத்தரத்தைத் தூக்க வேண்டும். அதற்குள் பல்வலி தீராவிட்டால் கேபினில் வேறு ஆளை உட்கார வைப்பதாக மேலாளர் சொல்லிவிட்டார். அந்தக் கிரேன் கேபினில் உட்கார்ந்த முதல் பெண் அவள். நாலு வருஷம் சண்டை போட்டு வாங்கிய நாற்காலி. இன்னொரு நாற்காலிக்குப் பயந்து அதைப் பறிகொடுப்பதா?

மூக்கு மூடிகளில் இரண்டைத் தானே பொறுக்கி அவனிடம் கொடுத்துவிட்டு, விடுவிடென்று மேலே ஏறினாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. "முதல்ல வீக்கம் வடியணும், அஞ்சு நாள் மாத்திரை. அதுக்கப்புறம்தான் பல்லு. பயத்துக்கு மூணு வழி இருக்கும்மா. ஒண்ணு, மூக்குல கேஸ். முழிச்சுதான் இருப்பே, உடம்பு மட்டும் லேசாயிடும். மூடிய எடுத்தா பத்து நிமிஷத்துல தெளிஞ்சிடும். ரெண்டாவது மாத்திரை. தூக்கக் கலக்கமா இருக்கும், துணை இல்லாம வீட்டுக்கு அனுப்பமாட்டேன். மூணாவது, நரம்புல மருந்து ஏத்தறது. அதுக்குத் தனி டாக்டர் வருவார், நடந்தது பாதி ஞாபகமே இருக்காது. எதை எடுத்தாலும் பல்லு மரத்துப்போக ஊசி உண்டு. ஆனா நீ பதறாம இருக்கும்போது போடுவேன்."

"ஞாபகமே இருக்காதுன்னா... நான் நிறுத்துங்கன்னு சொன்னா?" அவள் குரல் உடைந்தது.

சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வயதில் ஒரு நாற்காலி. கையைத் தூக்கினாள், நிறுத்தவில்லை. மறுபடியும் தூக்கினாள். "இதோ முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு" என்றார் அந்த மருத்துவர். அப்பா அவளுடைய இரண்டு கையையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

"எங்க வேலையில ஒரு சட்டம் உண்டு டாக்டர். தூக்கு, இறக்குன்னு சொல்ல கீழ ஒரே ஒரு ஆளுக்குத்தான் அதிகாரம். ஆனா நிறுத்துன்னு யார் வேணாலும் சொல்லலாம். பெருக்கற அக்கா கையைத் தூக்கினாலும் நான் நிறுத்தணும். ஏன்னு கேக்கக் கூடாது."

"இந்த நாற்காலிக்கும் இனிமே அதே சட்டம்," என்றார் டாக்டர்.

கேஸ் போதும் என்றாள். முழித்திருக்க வேண்டும் அவளுக்கு.

அந்த ஐந்து நாளும் சாயங்காலம் தவறாமல் வந்தாள். வீக்கத்தைக் காட்டத்தான் வந்தாள், வேறொன்றுமில்லை... நம்பினால் நம்புங்கள். அவன் சுவரில் குழாய் பதித்துக்கொண்டிருப்பான். மூக்கு மூடியை அவள் கையில் கொடுத்துப் பழக்கினான். அவள் அவனுக்குக் கிரேன் சைகை சொல்லிக்கொடுத்தாள். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கையைத் தூக்கி விரித்தால், அவள் வேலை செய்யும் இடத்தில், நிறுத்து.

"மேல தனியா இருக்க பயமா இருக்காதா?" என்று கேட்டான்.

"அங்க பிடி என் கையில இருக்கு. இங்க நானே அடுத்தவங்க கையில இருக்கேன்."

"எனக்கு உயரம்னா ஆகாதுங்க. நாலாவது மாடி ஜன்னல்கிட்டப் போனாலே காலு நடுங்கும்."

அதை ஒரு ஆண்பிள்ளை, மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படாமல் பயப்படலாமா... இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே. அன்றைக்கு வீடு போகும்வரை கன்னம் வலிக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை நாற்காலிக்குப் போக எழுந்தபோது அப்பா உள்ளே நுழைந்தார். மாத்திரைச் சீட்டில் 'சனிக்கிழமை, கேஸ்' என்று எழுதியிருந்ததை அம்மா பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

"பல்லு பிடுங்க கேஸா? எம்பொண்ணு ஆகாசத்துல உக்காந்து வேலை பாக்கறவ டாக்டர், பயம்னா என்னன்னே தெரியாது. ஊசியப் போட்டுப் பிடுங்குங்க. நான் கையப் பிடிச்சுக்கறேன்."

காத்திருந்த ஆறு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதிலொருவர் அவள் வேலை செய்யும் இடத்து வெல்டர். தலையைக் குனிந்துகொண்டு தப்பித்துவிடலாம்... இல்லை. இனி ஓட்டமில்லை.

"எனக்குப் பயமா இருக்குப்பா," என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. "இந்த நாற்காலின்னா உசுரு போற பயம். இதை நான் யார்கிட்டயும் மறைக்கப் போறதில்ல. அன்னைக்கு நீங்க பிடிச்ச பிடி இன்னும் விடல. இன்னைக்கு என் கைய யாரும் பிடிக்கக் கூடாது."

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. "சீக்கிரம் முடியட்டும்னுதானேம்மா பிடிச்சேன்..."

"தெரியும்பா. ஆனா நான் நிறுத்தச் சொன்னேன்."

வெல்டர் சத்தமில்லாமல் நகர்ந்து அப்பாவுக்கு இடம் விட்டார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

புது மெஷினுக்கு முதல் நாள் என்பதால் அவனும் உள்ளே இருக்க வேண்டியிருந்தது. "நான் பிடிக்கமாட்டேங்க," என்றான் தாழ்ந்த குரலில். "உங்க கையப் பாத்துக்கிட்டு மட்டும் நிக்கறேன்."

மூடி மூக்கில் உட்கார்ந்தது. மூச்சு... இன்னொரு மூச்சு... விரல் நுனிகள் இதமாகின. ஊசி எங்கேயோ தூரத்தில் நடந்தது. பயம் போய்விடவில்லை, அறையின் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் அவளுக்கு அந்த விபரீத ஆசை வந்தது. வலியே இல்லை. இருந்தும் கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க," என்றான் அவன். அதற்குள் டாக்டரின் கை விலகியிருந்தது.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காத்திருந்தார்கள். பதினாறு வருஷம் கழித்து ஒரு கை மதிக்கப்பட்டது... அவள் கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. கையை அவளே இறக்கினாள். அதற்குப் பிறகு தூக்கவே இல்லை.

பல் வந்துவிட்டது. "அரை மணி நேரம் பஞ்சக் கடிச்சுக்கிட்டே இரு. பேசக் கூடாது," என்றார் டாக்டர்.

பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாள். அவன் முதலில் டாக்டரிடம்தான் கேட்டான்: "கேஸ் முழுசாத் தெளிஞ்சாச்சுங்களா?" தெளிஞ்சு இருபது நிமிஷம் ஆச்சு என்று பதில் வந்த பிறகே அவள் எதிரில் வந்து நின்றான். கையில் ஸ்பேனர். அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை அவனுக்கு.

"நான் ஒண்ணு சொல்லணும். வேண்டாம்னா கையத் தூக்குங்க, அங்கயே நிறுத்திடறேன். ஏன்னு கேக்கமாட்டேன்."

அவள் கை மடியிலேயே இருந்தது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு..." நிறுத்தி, கையைப் பார்த்தான். அசையவில்லை. "பொருத்தற வேலை மூணு நாள்லயே முடிஞ்சிடுச்சு. ரெண்டு நாளா சும்மா குழாயத் துடைச்சுக்கிட்டிருந்தேன்." மறுபடி பார்த்தான். அசையவில்லை. "திங்கட்கிழமைக்கு அப்புறமும்..."

சட்டென்று நின்றுவிட்டான். வாசலில் அப்பா. கையை உயரத் தூக்கி விரித்துக்கொண்டு நின்றார். அவள் வீட்டில் செய்து காட்டிய சைகையை அவரும் கற்றவர்தானே. நிறுத்து என்று யார் வேணாலும் சொல்லலாம்.

அவள் எழுந்து அப்பாவிடம் போனாள். வாய் நிறையப் பஞ்சு, ஒரு வார்த்தை பேச முடியாது. அவர் கையை இழுத்து இறக்கியிருக்கலாம்... தொடவே இல்லை. எதிரில் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்தாள், அவ்வளவுதான். அழவில்லை, கெஞ்சவில்லை. பன்னிரண்டு வயதில் பார்க்க முடியாமல் போன பார்வை.

வெகுநேரம் கழித்து அந்தக் கை தானாக இறங்கியது. "தம்பி... மீதியையும் சொல்லிடுங்க," என்றார் அப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டு.

அவனோ அவரைப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஆள்காட்டி விரலை மேலே நீட்டி, மெல்லச் சுற்றினாள்.

"திங்கட்கிழமைக்கு அப்புறமும் தினம் உங்களைப் பாக்கணும்," என்றான் அவன். "உங்க கேபின் வரைக்கும் ஏறியாவது வருவேன். காலு நடுங்கினா நடுங்கட்டும்."