பச்சை மாவு

காலையில் இரண்டு கரண்டி மாவுதான் மிச்சம் இருந்தது. அதில் கிறிஸ்டினாவுக்குச் சந்தேகமே இல்லை. சாயங்காலத்துக்கு இரண்டு ஊத்தப்பத்துக்குக்கூடக் காணாது என்று அலுத்துக்கொண்டுதான் மூடி வைத்தாள். இப்போது மணி மூன்று. அடுப்பை ஒட்டி வைத்திருந்த மாவுப் பாத்திரத்தின் மூடி தூக்கிக்கொண்டு நின்றது. விளிம்பைச் சுற்றி மாவு பிதுங்கியிருந்தது.

பொங்கியிருக்கும், வேறென்ன என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் இந்தக் குளிரிலா? இரண்டு நாளாகச் சிட்லபாக்கத்தில் விடாத மழை, ஏரி நிரம்பித் தெருவில் கணுக்கால் தண்ணீர், பள்ளிக்கூடத்துக்கு லீவு, நேற்று இரவு போன கரண்ட் இன்னும் வரவில்லை. பட்டப்பகலிலேயே வீடு இருட்டிக் கிடந்தது. காயாத துணி நாற்றம், சாக்கடை நாற்றம், இவற்றுக்கெல்லாம் அடியில் சமையலறையிலிருந்து இன்னொரு வாடை. புளித்த வாடை இல்லை. கசாப்புக் கடையில் அப்போதுதான் வெட்டித் தொங்கவிட்ட கறியின் வாடை.

இந்த வீட்டில் கறி எடுத்துப் பத்து நாள் ஆகிறது. உள்ளறையில் ஏழு வயது மகள் அபிகாயில் போர்த்திக்கொண்டு தூங்கினாள். ஒரு தட்டுச் சோற்றுக்கே கெஞ்ச வைக்கிற பிள்ளை, மத்தியானம் மூன்று தட்டு கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் படுத்திருந்தாள்.

டக்.

மூடி அசைந்தது. பல்லியாக இருக்கும் என்று கிட்டே போனாள். டக். கொஞ்சம் இடைவெளி. டக். அந்த இடைவெளி மாறவே இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

செல்போன் அலறியதில் தூக்கிவாரிப் போட்டது. ஆரோன், அவள் கணவன். பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு லேபில் வேலை. ஆட்டை வெட்டாமலே ஆட்டுக்கறி வளர்க்கிற லேப். "பத்து வருஷத்துல ஊரே இதைத்தான் சாப்பிடப் போவுது, பாரு" என்று சாப்பிடும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவான். "தீனியும் நம்ம உடம்புச் சூடும் இருந்தா போதும், வளர்ந்துட்டே இருக்கும். நிறுத்துறதுதான் கஷ்டம்." அங்கே தண்ணீர் புகுந்துவிட்டதென்று காலையிலேயே ஓடியிருந்தான்.

"கிறிஸ்டி, முந்தாநாள் ஃப்ரிட்ஜுல ஒரு டப்பா வெச்சேன்ல, அதைச் சுத்தி ஐஸ் ஏதாவது போட்டு வை. கெட்டுடப் போவுது."

"எந்த டப்பா? எங்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க!"

"சொன்னேனே... நீ தூக்கத்துல இருந்த. இங்க ஜெனரேட்டர் மக்கர் பண்ணுச்சு, அவசரத்துக்கு என் சாப்பாட்டு டப்பாவுல ஊத்தி எடுத்துட்டு வந்தேன். வெள்ளையா, கெட்டியா இருக்கும். ஆட்டோட இருதய செல்லு அது. தானாவே துடிக்கும், அவ்ளோ உயிர் அதுல—"

லைன் அறுந்தது.

எவர்சில்வர் டப்பாக்கள் இரண்டு. கல்யாணத்துக்கு அத்தை கொடுத்த ஜோடி. இரண்டு மூடியிலும் ஒரே பெயர் வெட்டியிருக்கும். ஒன்றில் ஆரோன் சாப்பாடு கொண்டுபோவான். இன்னொன்றில் அவள் பழைய மாவு எடுத்துவைப்பாள். மழைக்காலத்தில் மாவு லேசில் புளிக்காது என்பதால் புதிதாக அரைத்ததில் பழையதைக் கலப்பது வழக்கம். நேற்றும் கலந்தாள். ஜலதோஷத்தில் மூக்கு அடைத்திருந்தது. கைக்குக் கிடைத்த டப்பாவைத் திறந்து அப்படியே கவிழ்த்தாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு டப்பா இருந்தது. மூடியைக் கழற்றியதும் புளிப்பு வாடை குப்பென்று அடித்தது. பழைய மாவு. யாரும் தொடாமல், அப்படியே இருந்தது.

"ஏசப்பா!"

டக், என்றது பாத்திரம்.

சரி. பதறாதே. காலையில் அபிக்கு வார்த்தது நன்றாக முறுகச் சுட்ட தோசை. கல்லில் அவ்வளவு சூட்டில் எதுவும் பிழைக்காது. அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எதுவும் பிழைக்காது. எதுவும்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அபி மாவுக் கரண்டியை நக்கியது. "பச்சை மாவு தின்னா வயித்த வலிக்கும், போடி அந்தாண்ட!" என்று இவள் அபியின் தலையில் குட்டியது. அவள் சிரித்துக்கொண்டே பாத்திரத்துக்குள் விரலை விட்டு வழித்து, இன்னொரு வாய். அப்புறம் இன்னொரு வாய்.

உள்ளறைக்கு எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. வெளியே தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. போர்வைக்குள் பிள்ளை மல்லாந்து கிடந்தாள். நெற்றியில் வியர்வை. தொட்டால் சூடு.

"அபி. அபிக்குட்டி. எந்திரிம்மா, வாந்தி எடுக்கலாம் வா."

"அம்மா, பசிக்குது." கண்ணைத் திறக்கவில்லை.

சமையலறையில் டக். இங்கே போர்வை அசைந்தது.

டக். அசைந்தது.

இழுத்துப் போட்டாள். காலையில் தொளதொளவென்று இருந்த பச்சை ஃப்ராக். பொத்தான் மூன்று தெறித்துப் படுக்கையில் கிடந்தன. வயிற்றில் கை வைத்தாள். உள்ளேயிருந்து அது கையைத் தள்ளியது.

சமையலறையில் மூடி கீழே விழுந்தது. உருண்டது. ஓய்ந்தது.

"பசிக்குதும்மா."

ஃப்ராக் மேலே தூக்கியது. இறங்கியது. தூக்கியது. இறங்கியது.

தூக்கியது.

இந்தத் தடவை இறங்கவில்லை.