மழைக்காலம் தாண்டாது

அன்று இருமல் மாடியிலிருந்து வரவில்லை.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்திக் காதைத் தீட்டினாள். மழை பிடித்துக்கொண்ட மாலை. வழக்கமாக இந்த நேரத்தில் தலைக்கு மேலே கட்டில் கிறீச்சிடும், செருப்பு தரையைத் தேய்க்கும், பிறகு அடிநெஞ்சிலிருந்து சளியைக் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி அந்த நீண்ட இருமல் வரும், முடிவில் ஒரு சின்ன விசில். மூன்று வருடமாகக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். இப்போதும் அதே இருமல், அதே விசில். ஆனால் பக்கத்து அறையிலிருந்து வந்தது. அங்கே அவள் புருஷன் படுத்திருந்தான்.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஒரு வாரமாகக் காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தான். சளிதான், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிழைக்க வந்த அயல்நாட்டில் சொந்தமாக ஒரு கூரை. அந்த ஆசைதான் எல்லாவற்றுக்கும் மூலம். தாளிக்கிற வாசனைக்கு மூக்கைப் பொத்திய வீட்டுக்காரர்களிடம் வாடகைக்கு இருந்து இருவருக்கும் அலுத்துப்போயிருந்தது. அப்போதுதான் இந்த வீடு பாதி விலைக்கு வந்தது. சும்மா வருமா? விற்கிற பெரியவர் சாகும்வரை மாடியறை அவருக்கே. அவர் போன பிறகுதான் வீடு முழுக்க இவர்களுக்கு. இங்கே அப்படி விற்பது சகஜம்தான் என்றார் தரகர்.

இவள் நர்ஸ். சாகக்கிடப்பவர்களின் வார்டில் வேலை. வீடு பார்க்கப் போன அன்று சுவரைப் பார்க்கவில்லை, குழாயைத் திறந்து பார்க்கவில்லை, பெரியவரைத்தான் பார்த்தாள். நகத்தில் நீலம், காலில் வீக்கம், மூச்சில் களகளப்பு. நம்ம பாஷை இவருக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில், அவர் முகத்துக்கு நேராகவே புருஷனிடம் சொன்னாள்:

"மழைக்காலம் தாண்டாதுங்க. கண்ணை மூடிட்டு வாங்கிடலாம்."

பெரியவர் ஒன்றும் புரியாதவராக, மரியாதைக்குச் சிரித்தார்.

மூன்று மழைக்காலம் போய்விட்டது. இலவு காத்த கிளி கதைதான். "மேல்மாடி எப்ப காலியாகும்?" என்று புருஷன் முதல் வருடம் கிண்டலடிப்பான். இரண்டாம் வருடம் எரிச்சலோடு கேட்டான். பிறகு கேட்பதையே விட்டுவிட்டான். அவளோ தினமும் காலையில் கண் விழித்ததும் மேலே சத்தம் வருகிறதா என்று கேட்பாள், வந்ததும் இன்னும் போகவில்லையா என்று நினைப்பாள். ஒரு நர்ஸ் நினைக்கிற நினைப்பா அது? நினைத்தாள்.

போன வாரம் சாப்பிடும்போது வெகுநாள் கழித்து அதே பேச்சு வந்தது.

"இந்த மழைக்காவது போய்ச் சேருவாரா?" என்றான் புருஷன்.

அவள் நிமிர்ந்தாள். வாசற்படியில் பெரியவர் நின்றிருந்தார். எப்போதும் பிடித்து நடக்கும் ஊன்றுகோல் கையில் இல்லை.

"உங்களுக்கு ஆயுசு நூறு!" பேச்சில் அடிபட்ட ஆள் வந்து நின்றால் சொல்கிற பழக்கதோஷத்தில் புருஷன் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பெரியவர் தலையாட்டினார், வரத்தை வாங்கிக்கொண்டவர் போல. மறுநாள் புருஷனுக்குக் காய்ச்சல்.

மறுபடி இருமல் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம். விசில்.

மாடியில் கட்டில் கிறீச்சிட்டது. அதன் பிறகு செருப்பைத் தேய்க்கிற சத்தம் வரவில்லை. படியில் யாரோ இறங்கினார்கள். உறுதியாக, அவசரமில்லாமல், முழங்கால் வலியே அறியாத ஆளின் நடை. சமையலறையைத் தாண்டிப் போயிற்று. பக்கத்து அறைக் கதவு திறந்தது.

"என்னங்க?"

வெங்காயக் கையோடு நடைவழியில் இறங்கினாள். விளக்கைப் போடக் கை வரவில்லை. மாடியறைக்கே உரிய அந்த வாடை, தைலமும் ஈரக் கம்பளியும் பழைய மூச்சும் கலந்தது, நடை முழுக்க நிறைந்திருந்தது. கதவிடுக்கில் வெளிச்சம். பயமாக இருந்தது. ஓடிவிடலாம் என்றிருந்தது. உள்ளே இருப்பது அவள் புருஷன்.

தள்ளினாள்.

கட்டிலோரம் பெரியவர். சவரம் செய்த முகம். கன்னத்தில் ரத்த ஓட்டம். குனிந்து, புருஷனின் நெஞ்சில் காதை வைத்திருந்தார். அவள் வார்டில் ஸ்டெதஸ்கோப் வைப்பது போலவே. பிறகு அவன் கையை எடுத்து விரல்களை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார்.

நகங்கள் நீலம்.

போர்வைக்கு வெளியே பாதம். வீக்கம்.

பெரியவர் நிமிர்ந்தார். அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் யாரோ நிற்பது போல அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். வந்தது அவளுடைய குரல். அவளுடைய தமிழ்.

"மழைக்காலம் தாண்டாதுங்க. கண்ணை மூடிட்டு வாங்கிடலாம்."

"என்னங்க! என்னைப் பாருங்க! நான்தாங்க!"

புருஷன் தலையைத் திருப்பினான். அவள் கத்துவதை நிதானமாகக் கேட்டான். பிறகு ஒன்றும் புரியாதவனாக, மரியாதைக்குச் சிரித்தான்.