இரண்டாம் நாள் புள்ளிகள்

காலை 9.10. அனுமதி வாங்கி, கண்ணாடிக் குடிலின் முத்திரையை உடைத்து உள்ளே போன ஆராய்ச்சிக்காரி, தட்டுகளில் நட்டிருந்த பெயர்ப் பலகைகளை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். கருப்பு அழுகல் நோயைத் தாங்கும் என்று அவள் அடித்துச் சொன்ன புது முட்டைக்கோஸ் ரகம், ஏழு வருட உழைப்பு, இலையோரம் மஞ்சளாகி நரம்பு கறுத்துக் கிடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சாதாரண ரகமோ பக்கத்துத் தட்டில் ஜம்மென்று நின்றது. பதினொரு மணிக்குத் தேர்வுக் குழு வருகிறது. தோற்றால் புது ரகம் குப்பைக்குத்தான்.

முட்டைக்கோஸ் செத்ததற்கெல்லாம் போலீஸ் வராது. 9.40க்கு வந்தது செடி டாக்டர். பேச்சில் கறார், பார்வையில் அதைவிடக் கறார்.

சோதனைக்காக இரண்டு தட்டிலும் நோய்க் கிருமியைத் தெளித்தது பத்து நாளுக்கு முன், மாலை நாலு மணிக்கு. மறுநாள் ஆராய்ச்சிக்காரி காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்று உள்ளே போனவர்கள் இரண்டே பேர். காலை ஏழுக்குப் போட்டிக்காரர். சொந்த ரகம் ஒன்றை வைத்துக்கொண்டு இவளை முந்தப் பார்ப்பவர். மாலை ஆறுக்குத் தண்ணீர் ஊற்றும் மாமா. இவளைத் தூக்கி வளர்த்த தாய்மாமன். அதற்கடுத்த நாள் காலையில் குழுவின் ஆள் வந்து, தானாகச் சொட்டும் நீர்க்குழாயைத் திறந்துவிட்டு முத்திரை வைத்துவிட்டார்.

ரெண்டு தட்டும் பச்சையாகத்தான் இருந்தது என்றார் போட்டிக்காரர். மாமாவும் அதையே சொன்னார்.

டாக்டர் குனிந்தாள். நன்றாக நின்ற செடிகளின் அடியிலைகளில் கடுகளவு பழுப்புப் புள்ளிகள், காய்ந்து பழையதாகிப்போனவை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“பெயர்ப் பலகையை மாத்திட்டாங்கம்மா. ஜெயிச்சது உன் செடிதான்.”

சாதாரணச் செடிக்குக் கிருமி வந்ததே தெரியாது. சில நாள் பச்சையாக இருந்து பிறகு சாயும். தாங்கும் செடியோ கிருமி நுழைந்த இடத்தைத் தானே சாகடித்து, அங்கேயே அதை முடக்கிவிடும். ஒரே நாளில் புள்ளி விழும்.

“போட்டிக்காரர் வந்தப்போ பதினஞ்சு மணி நேரம்தான் ஆச்சு, புள்ளி வந்திருக்காது. எது பிழைக்கும்னு தெரியாம எதிரி பலகையை மாத்துவானா? உன்னையே ஜெயிக்க வச்சிட்டா? சாயங்காலம் புள்ளி நல்லாத் தெரிஞ்சிருக்கும். ” டாக்டர் மாமா பக்கம் திரும்பினாள். “பச்சையா இருந்துச்சுன்னு ஏன் சொன்னீங்கய்யா?”

மாமா தலை குனிந்தார். “நம்ம செடி இலையெல்லாம் புள்ளி புள்ளியா கருகிப் போயிருந்துச்சு டாக்டரம்மா. புள்ள தோத்துடுச்சுன்னு நெனச்சேன். மனசு கேக்கல, பலகைய மாத்தி நட்டுட்டேன்.”

ஆராய்ச்சிக்காரிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “என்னைக் கேட்டிருக்கக் கூடாதா மாமா?” என்று மட்டும் கேட்டாள்.

வாய்ப்பேச்சை நம்ப முடியாது என்றார் குழுத் தலைவர். இரண்டு தட்டிலும் புது இலைகளில் தன் கையாலேயே கிருமியை ஊசியால் ஏற்றி, தானே பூட்டிச் சாவியை எடுத்துப்போனார். மாமாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் மாலை 5.00. கதவு திறந்தது. நோய் தின்ற தட்டில் புது இலை துளிகூட மாறவில்லை. மற்றதில் ஊசி பட்ட இடமெல்லாம் பழுப்பாகக் காய்ந்திருந்தது. தலைவர் பலகைகளைப் பிடுங்கி மாமாவிடமே நீட்டினார். மாமா அவற்றைச் சரியான தட்டுகளில் நட்டார்.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. குழுவில் ஒருவர் விடாமல் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

“நல்லா பாருங்க. எங்க புள்ளையோட செடி எப்படிக் கருகியிருக்கு பாருங்க.”