ஏரிக்குள் போன கயிறு

தம்பி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய் நிறைய ரொட்டியை அடைத்துக்கொண்டிருந்தான். அவன் அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்த கயிறு ஏரிக்குள் கிடந்தது. அதன் கரைப்பக்க முனை அவள் கையில். அந்தக் கயிறு உள்ளேயிருந்து இரண்டு தரம் இழுத்தது.

அவளும் இரண்டு தரம் இழுத்தாள். கைப்பழக்கம். மனசு சுதாரிப்பதற்குள் கை முந்திக்கொண்டது.

அப்பா உயரமான கட்டிடங்களில் கயிற்றில் தொங்கியபடி பெயிண்ட் அடிப்பவர். குடும்பத்தோடு ஏரிக்கரைக்கு வந்தாலும் அந்த வேலைப் புத்தி அவரை விடாது. தண்ணீரில் இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டியாக வேண்டும். கரையில் ஒருத்தர் மறுமுனையைப் பிடித்தாக வேண்டும். இரண்டு இழுப்பு என்றால் ‘இருக்கியா?’ திருப்பி இரண்டு இழுத்தால் ‘இருக்கேன்.’

“பதில் குடுத்துட்டேன்னா அந்த ஆளு உன் பொறுப்பு. கரையேத்தாம கைய எடுக்கக் கூடாது” என்பார் அப்பா.

அது கோடை. கரையெல்லாம் வெயிலில் காய்ந்த பாசியின் வீச்சம். அவசரமாகக் கயிற்றைச் சுருட்டி இழுத்தபோது, தம்பி அவிழ்த்துவிட்டு வந்த முனையில் ஒரு வளையம் வந்தது. ஒரு சின்ன இடுப்பு நுழையும் அளவு. அத்தனை நேரம் தண்ணீரில் கிடந்தும், யாரோ அப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல அது வெதுவெதுப்பாக இருந்தது.

“இது எந்த ஊர் முடிச்சுடா வாண்டு? எனக்கே பிடிபடல” என்றார் அப்பா.

“நான் போடலப்பா. அக்காவைப் பொண்ணு பாக்க மீன் வந்திருக்கும். கயித்தோட வந்திருக்கு, நல்ல குடும்பம்!”

அம்மாவும் சேர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். தான் பதில் கொடுத்துவிட்டதை அவள் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் ஏரி மேலேறி, அவர்கள் வழக்கமாக உட்காரும் பாறையை விழுங்கியிருந்தது. யாரும் இறங்கவில்லை. தார்ப்பாய்க்கடியில் ஒடுங்கி, மழை தண்ணீரில் விழுந்து கொதிப்பதுபோல் இரைவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முதுகில் மாட்டியிருந்த பைக்குள் சுருண்டு கிடந்த கயிறு மட்டும் அவளை முட்டுவதுபோல இரண்டு தரம் அசைந்தது. அவள் பையை மடியில் வைத்து, வீடு போய்ச் சேரும்வரை அமுக்கிப் பிடித்திருந்தாள்.

“அப்பா, இனிமே அங்க போக வேணாம்.”

“ஏன்டி? வாரமெல்லாம் அந்தரத்துல தொங்குறவன், ஒரு நாள் தரையில உக்காரக் கூடாதா?”



குளிர்காலத்தில் போனபோது மூடுபனி ஏரியையும் கரையையும் ஒன்றாக்கியிருந்தது. ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாசனை தொண்டைவரை இறங்கியது. தங்கள் காலடிச் சத்தமே யாரோ பின்னால் வருவதுபோல் கேட்டது. ரப்பர் படகுக்குக் காற்றடித்துக் கரையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது நழுவிப் பனிக்குள் போய்விட்டது.

“நான் எடுத்துட்டு வரேன்!” தம்பி கயிற்றைக் கட்டத் தொடங்கிவிட்டான்.

“வேணாம்டா. போனாப் போகட்டும்.”

“முட்டளவு தண்ணிதானே, விடு” என்று மறுமுனையை அவளிடம் நீட்டினார் அப்பா.

சளக், சளக் என்று நடந்தான். பனி அவனை முழங்காலிலிருந்து மேலாகத் தின்றது. பிறகு சளக் சத்தமும் நின்றது.

இரண்டு இழுப்பு.

கேட்பது தம்பியா? அவன் என்றால் பதில் சொல்லியாக வேண்டும். அது என்றால் சொல்லவே கூடாது.

மறுபடி இரண்டு. இந்தத் தரம் மெல்ல. கெஞ்சுவதுபோல.

“வாண்டு!” என்று கத்தினாள். பனி சத்தத்தை அமுக்கிவிட்டது.

“என்னடி மரம் மாதிரி நிக்கிற? பதில் குடு. புள்ள பயந்துடப் போறான்.”

இழுத்தாள். ஒன்று. இரண்டு.

கயிறு விறைத்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. அப்பா ஓடி வந்து பிடித்தார். குதிகாலை மண்ணில் ஊன்றி, கைக்குக் கை மாற்றி இழுத்தார்.

“பய ஒரே வருஷத்துல என்னமா கனக்கிறான்!”

பனிக்குள் ஒரு நிழல். தம்பி. உதடு நீலம். தம்பியேதான். அவள் தண்ணீருக்குள் ஓடிப்போய் அவனை இறுக்கிக்கொண்டாள்.

“அக்கா” என்றான் காதோரம். “அவுத்து விடு.”

அவன் இடுப்பைத் தடவினாள். முடிச்சு அகப்படவில்லை. கயிறு அவனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனது. இறுக்கமாக. பனிக்குள்.

அப்பா இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். கண் கயிற்றில் மட்டும்.

தம்பிக்குப் பின்னால் ஒரு தலை. அவன் உயரம். குனிந்திருந்தது. முடியிலிருந்து நீர் சொட்டியது. அதன் இடுப்பிலும் கயிறு. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால்.

“அம்மா… வராத” என்றாள் அவள்.

அம்மா துண்டோடு தண்ணீரில் இறங்கினாள். தம்பியின் தலையைப் பரபரவென்று துவட்டினாள். “இப்படியா நனைவாங்க? காய்ச்சல் வரப்போகுது.”

துண்டை உதறினாள். காய்ந்த பக்கத்தைத் திருப்பிப் பிடித்தாள்.

அடுத்த தலைக்குப் போனாள்.